தொடக்கூடாது என்கிற நோயாளியும் ஓடுகிற கடிகாரமும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆன செவிலியர் நீங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு டியூட்டி. எழுபது வயதுத் துறவி ஒருவரை நெஞ்சுவலி என்று அழைத்து வந்தார்கள். ஈசிஜி எடுக்கக் கிட்டே போனதும், பெண்கள் தன்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு வார்டிலிருந்து ஆண் செவிலியர் வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. மூத்த சிஸ்டர் உங்களைக் கடிந்துகொண்டார். உங்கள் தோழியோ, "உயிர் போகிற நேரத்தில் மதமாவது வழக்கமாவது, பேசாமல் எடுத்திருக்க வேண்டியதுதானே" என்கிறார். நல்ல வேளையாக மாரடைப்பு இல்லை, அவர் இன்னும் வார்டில்தான் இருக்கிறார். தொடுவது பற்றிய மத வழக்கங்களுக்கு மருத்துவமனையில் எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: "அன்றைக்கு நான் செய்தது தப்பா?" அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செவிலியராகி இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவசரப் பிரிவு, பிரசவ வார்டு, ஐசியூ மூன்றிலும் இருந்திருக்கிறேன், அதில் பாதிக் காலம் வெளிநாட்டில். நான் மத அறிஞர் இல்லை, சட்டம் படித்தவளும் இல்லை. மதங்களைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் நோயாளிகளிடமும் அவர்கள் பெரியவர்களிடமும் கேட்டு, பிறகு படித்துச் சரிபார்த்துக்கொண்டவை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேண்டாம் என்றதும் நீங்கள் கையை எடுத்தது சரி. நினைவு தெளிவாக இருக்கும் ஒரு பெரியவர் தொடாதே என்று சொன்ன பிறகு தொட்டால் அது சிகிச்சை ஆகாது, பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி அது தாக்குதல். 1914 இல் அமெரிக்காவில் ஒரு பெண்மணியின் வழக்கில் நீதிபதி கார்டோசோ எழுதிய தீர்ப்பை நர்சிங் படிக்கும்போதே நமக்குச் சொல்லித் தருகிறார்கள்: வயது வந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொருவருக்கும் தன் உடலை என்ன செய்யலாம் என்று முடிவு செய்யும் உரிமை உண்டு. ஆகவே உங்கள் தோழி சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் மூத்த சிஸ்டர் கோபப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் பின்பற்றும் வழிமுறை. அடைபட்ட ரத்தக்குழாய்க்குப் பின்னால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். நீங்கள் அவர் சொன்னதைக் கேட்டீர்கள், அப்புறம் காத்திருந்தீர்கள். காத்திருந்ததுதான் சறுக்கல். அவர் "வேண்டாம்" என்று சொன்னது எதை என்று அந்த நேரத்தில் அவரிடம் யாருமே கேட்கவில்லை.

ஈசிஜிக்குப் பத்து மின்முனைகள். நான்கு கை கால்களில், ஆறு நெஞ்சில். இந்தப் பத்தையும் ஒட்டுவதற்கு உங்கள் விரல் அவர் தோலில் படுகிற நேரம் மொத்தமாக ஒரு நிமிடம் இருக்கலாம். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் இப்படிப் பேசியிருப்பேன்: "சுவாமி, உங்கள் வழக்கம் எனக்குப் புரிகிறது. மாரடைப்பா இல்லையா என்று இந்த ஒரு சோதனையில் தெரியும். இன்னும் சில நிமிடத்தில் எடுத்தாக வேண்டும். இப்போது இங்கே ஆண் செவிலியர் இல்லை. நான் கையுறை போட்டுக்கொண்டு ஒட்டலாமா? அதுவும் வேண்டாம் என்றால், உங்களோடு வந்திருக்கும் தம்பியிடம் கொடுத்து எங்கே ஒட்டுவது என்று நான் காட்டுகிறேன். கை காலில் இருப்பதை நீங்களே கூட மாட்டிக்கொள்ளலாம். எது உங்களுக்குச் சரி?" இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அவர் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்பது என் அனுபவம். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். பழக்கமில்லாதவர் ஒட்டினால் நெஞ்சில் ஒட்டும் முதல் இரண்டு மின்முனைகளை மேலே ஏற்றி ஒட்டிவிடுவார், கழுத்தெலும்புக்குக் கீழே அவசரமாக. அவை நான்காவது விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் இரு ஓரத்தில் இருக்க வேண்டும். மேலே போனால் வரைபடம் பொய் சொல்லும், இல்லாத பாதிப்பு இருப்பது போலக் காட்டும். ஆகவே ஒட்டுவது யாராக இருந்தாலும் இடத்தைச் சரிபார்க்கும் கண் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இனி பொதுவான கேள்வி. நம் வேலையில் கூச்சத்துக்கும் மரியாதைக்கும் இடம் கொடுப்பது புதிதாக வந்த நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். நீங்கள் கழுத்தில் போட்டிருக்கும் ஸ்டெதஸ்கோப்பே அப்படி வந்ததுதான். 1816 இல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவரிடம் இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வந்தார். அந்தக் காலத்தில் நெஞ்சில் காதை வைத்துத்தான் கேட்பார்கள். அந்தப் பெண்ணிடம் அப்படிச் செய்வது முறையாகாது என்று தயங்கிய லெனெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சில் வைத்து மறுமுனையில் காதை வைத்தார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. தொடாமல் இருக்க முயன்றதில் மருத்துவம் ஒரு படி மேலே போனது. எங்கள் வார்டில் பெண் நோயாளி ஒருவர் தயங்கியபோது ஒரு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பின் தட்டை அவர் கையிலேயே கொடுத்து, "ஆடைக்கு உள்ளே விட்டு, இடது மார்புக்குக் கீழே அழுத்திப் பிடியுங்கள் அம்மா. இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில். ஆ, அங்கேதான்" என்று கேட்டு முடித்தார். அந்த அம்மாவின் தோள்கள் அப்படியே தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். அதற்கு முன் எடுத்த ரத்த அழுத்தம் பயத்தில் ஏறியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, தொடுதலைக் கட்டுப்படுத்தும் மதங்களே உயிருக்கு விலக்கும் வைத்திருக்கின்றன என்பது. இஸ்லாத்தில் மஹ்ரம் அல்லாத, அதாவது மணம் செய்யத் தடையுள்ள நெருங்கிய உறவு இல்லாத, ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வதில்லை. ஆனால் நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை அனுமதிக்கும் என்பது அவர்கள் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று, அதை ளரூரத் என்பார்கள். அதோடு சேர்ந்தே இன்னொரு விதியும் வரும்: நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அனுமதி. இந்த இரண்டாவது விதி ஒரு நல்ல செவிலியருக்கான பாடம் என்றே சொல்வேன். கையில் புண் என்றால் கையை மட்டும் திற, தோளைத் திறக்காதே. நபிகளின் காலத்துப் போர்களில் பெண்கள் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து மருந்திட்டதை ருபைய்யிஃ என்ற பெண்மணியே சொன்னதாக புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. நடைமுறையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஷாபிஈ மத்ஹபில், அதாவது அந்தச் சட்டப் பிரிவில், அந்நிய ஆண் பெண் தோல் நேராகப் பட்டால் ஒளு (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவிக்கொள்ளும் தூய்மை) முறியும், ஹனபி மத்ஹபில் தொட்டதால் மட்டும் முறியாது. ஆகவே தொழுகைக்குத் தயாராகிவிட்ட நோயாளியிடம் போய், "இப்போது டிரெஸ்ஸிங் மாற்றட்டுமா, தொழுத பிறகு வரட்டுமா?" என்று கேட்பது சின்ன விஷயம்தான், ஆனால் அவர் மனத்தில் நீங்கள் நிற்பீர்கள். கையுறைக்கும் இங்கே அர்த்தம் இருக்கிறது, நேரடித் தோல் தொடுதல் இல்லாமல் போகிறது.

யூத மதத்தில் நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். வெளிநாட்டில் பிரசவ வார்டில் இருந்தபோது ஓர் இளம் தம்பதி. வலி ஏற ஏற அந்தப் பெண் துடிக்கிறார். கணவர் சுவர் ஓரமாக நின்று புத்தகத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார், கையைக்கூடப் பிடிக்கவில்லை. எனக்கு உள்ளே கொதித்தது. "கொஞ்சம் கிட்டே வந்து நில்லுங்களேன்" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்தது. இரண்டு வலிக்கு நடுவே அந்தப் பெண்தான் எனக்கு விளக்கினார். ரத்தப்போக்கு தொடங்கிவிட்டால் கணவன் மனைவி தொட்டுக்கொள்ளக் கூடாது, அது அவர்களுடைய நித்தா விதி. அவர் படித்துக்கொண்டிருந்தது அவளுக்காகத் திருப்பாடல்கள். "நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். விடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். கணவர் ஈரத் துணியை நனைத்துப் பிழிந்து மேசையில் வைப்பார், நான் எடுத்து நெற்றியில் போடுவேன். எங்கள் மூவருக்குள்ளும் அப்படி ஒரு ஒழுங்கு தானாக அமைந்துவிட்டது. உயிர் காப்பது என்று வந்துவிட்டால் விக்கிரக வழிபாடு, தகாத உறவு, கொலை என்ற மூன்றைத் தவிர மற்ற எல்லாக் கட்டளைகளும் வழிவிடும் என்பதும் அவர்கள் மதம்தான். மருத்துவர் தொழில்முறையில் தொடுவதை அவர்களில் பெரும்பாலோர் ஆட்சேபிப்பதில்லை. அந்நிய ஆணோடு மூடிய அறையில் தனித்திருப்பதுதான் சிலருக்குச் சங்கடம். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துத் திரையை இழுத்துவிட்டால் போதும்.

உங்கள் துறவி எந்த மரபைச் சேர்ந்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. சமணத் துறவிகளும் சில இந்து சம்பிரதாயங்களைச் சேர்ந்தவர்களும் எதிர்ப்பாலாரின் தொடுதலை முழுக்கத் தவிர்ப்பார்கள். தேரவாத பௌத்தத்தில் பிக்கு (ஆண் துறவி) பெண்ணைத் தொடுவது பற்றிய விதி, துறவிகளுக்கான ஒழுக்க விதி நூலான விநயத்தில் கடுமையானது. ஆனால் அந்த விதி குற்றமாகச் சொல்வது காமம் கலந்த மனத்தோடு தொடுவதைத்தான். அதற்கு வெகு தூரம் முன்பே நின்றுகொள்வது என்று பல பிக்குகள் பெண்ணிடமிருந்து ஒரு பொருளைக்கூடக் கைக்குக் கை வாங்குவதில்லை, துணியை விரித்து அதில் வைக்கச் சொல்வார்கள். அது அவர்கள் ஒழுக்கம், நாம் மதிக்க வேண்டியது. அதே விநய நூலில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் தன் அசுத்தத்திலேயே கிடந்த ஒரு பிக்குவை மற்றவர்கள் கவனிக்காமல் விட்டிருக்க, புத்தர் தண்ணீர் ஊற்ற அவருடைய சீடர் ஆனந்தர் கழுவி, இருவருமாகத் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார்கள். எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னது அப்போதுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் இதை வைத்துக்கொண்டு நோயாளியிடம் வாதாடாதீர்கள். "உங்கள் மதத்திலேயே அனுமதி இருக்கிறதே" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது, ஒரு நோயாளியும் அதைக் கேட்டு மனம் மாறி நான் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவருடைய குருவோ இமாமோ யூத குருவான ரப்பியோ. தேவைப்பட்டால் போன் போட்டுக் கொடுங்கள். நமக்கு அந்த அறிவு வேறொன்றுக்கு உதவுகிறது: இது முட்டிக்கொள்ளும் சுவர் இல்லை, கதவு எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கையோடு பேச முடிகிறது.

இன்னொரு ஆபத்து, மதத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்வது. இதில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஹிஜாப் அணிந்த ஒரு பெண்மணி, சிறுநீரகக் கல் வலி, நெளிந்துகொண்டிருந்தார். டியூட்டியில் ஆண் டாக்டர்தான். இவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டு பெண் டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் அறுவை சிகிச்சையில் மாட்டிக்கொண்டார். ஒன்றேகால் மணி நேரம் அந்த அம்மா வலியோடு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கடைசியில், "டாக்டர் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார், ஏன் வரமாட்டேன் என்கிறார்?" என்று அவரே கேட்டார். நான் காரணம் சொன்னதும் என்னையே பார்த்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சிஸ்டர்." அவ்வளவுதான் சொன்னார். மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவருடைய வாயை நான் அடைத்துவிட்டேன். ஒரே மதம், ஒரே வீடு, ஒரே உடை, ஆனால் அக்காவுக்கு ஆண் டாக்டர் பரவாயில்லை, தங்கைக்கு முடியாது என்று இருக்கலாம். எந்த மதமும் சாராத பெண்ணுக்கும் பழைய வன்முறையின் காரணமாக யாரும் தொட்டால் உடம்பு விறைத்துப்போகலாம். ஆகவே "நீங்கள் எந்த மதம்?" என்று கேட்பதைவிட, "தொட்டுப் பரிசோதிப்பதில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று எல்லோரிடமும் கேட்பது நல்லது. அட்மிஷன் போடும்போதே கேட்டுவிடுங்கள், வலி ஏறும் முன்பு.

கேட்டால் யார் பதில் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் பெண்ணைக் கேட்கிறீர்கள், கணவரோ மாமியாரோ பதில் சொல்கிறார், அந்தப் பெண் பதில் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் உங்களுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. எதையாவது சாக்கு வைத்து இரண்டு நிமிடம் அவரைத் தனியாகப் பாருங்கள். சிறுநீர் மாதிரி எடுக்க வேண்டும் என்று கழிப்பறைப் பக்கம் அழைத்துப் போவது எங்களுக்கெல்லாம் கைவந்த வழி. மொழி தெரியாவிட்டால் உறவினரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வழக்கத்தின் பெயரைச் சொல்லி உடம்பில் இருக்கும் அடியை மறைக்கிற வீடுகளும் உண்டு. மிகச் சிலர்தான், ஆனால் அந்தச் சிலரைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நம் கையில்தான் இருக்கிறது.

எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் நேரம் ஒன்றுதான். நாளைக்குச் செய்யலாம் என்றால் ஏற்பாடு செய்துவிடுங்கள், அதற்கு அலுத்துக்கொள்ளவே கூடாது. ஒரு மணி நேரம் தாங்கும் என்றால் ஆளைத் தேடிக்கொண்டே மாற்று வழியையும் பேசி வையுங்கள். நிமிடக் கணக்கு என்றால் உங்கள் துறவிக்குச் சொன்னது போல உடனே பேசுங்கள். இதயம் நின்று நினைவில்லாமல் கிடக்கிறார் என்றால் பேச ஒன்றுமில்லை, கையை வைத்து அழுத்துங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம். அதிர்ச்சி கொடுக்கும் பட்டைகள் வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும், ஆடையை வெட்டத்தான் வேண்டும். தொடத் தயங்குவது உயிரை எடுக்கும். அமெரிக்காவில் 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 சதவீதத்தினருக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்திருந்தார்கள். பெண்களில் 39 சதவீதத்தினருக்குத்தான் அது கிடைத்தது. மதம் ஒன்றும் தடுக்காத இடத்திலேயே இந்த வித்தியாசம். உயிர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு துணியை எடுத்துப் போர்த்துங்கள், அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தொடாமலே செய்யக்கூடியவை நாம் நினைப்பதைவிட அதிகம். மூச்சைக் கண்ணாலேயே எண்ணலாம். ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை அவரே விரலில் மாட்டிக்கொள்வார், நாடித்துடிப்பும் அதிலேயே தெரிந்துவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸைக் கண்டறியும் பரிசோதனைக்குப் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக்கொள்ளும் முறையை உலக சுகாதார அமைப்பு 2021 வழிகாட்டுதலில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்றே எத்தனையோ பெண்களைப் பரிசோதனைக்கு வர வைக்கும். ரத்த அழுத்தம் எடுக்கும்போது முழுக்கை ஆடையை மேலே சுருட்டி ஏற்றாதீர்கள், கயிறு கட்டியது போல இறுக்கி அளவைக் கெடுக்கும். போர்வைக்குள்ளேயே ஒரு கையை மட்டும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அறுவை அரங்குக்குப் போகும்போது தலையை மறைக்க ஒரு அறுவைத் தொப்பி போதும். சீக்கிய நோயாளியின் இரும்புக் காப்பு எம்ஆர்ஐ அறைக்குள் போக முடியாது, அதை அவர் கையாலேயே கழற்றி அவர் சொல்லும் ஆளிடம் கொடுக்கச் செய்யுங்கள். அவர்களில் சிலர் மத அடையாளமாக அணியும் உள்ளாடையான கச்சையை முழுவதும் களைய மாட்டார்கள், புதியதில் ஒரு காலை நுழைத்த பிறகுதான் பழையதை உருவுவார்கள், குளிப்பாட்டும்போது இது தெரிந்திருக்க வேண்டும். முடியை மழிக்கும் முன் கேட்காமல் இருந்துவிடவே கூடாது. ஆனால் வயிற்றில் கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அமுக்கினால் இறுகுகிறதா, விட்டதும் வலிக்கிறதா என்பதை எந்தக் கருவியும் கையைப் போலச் சொல்லாது. அங்கே "தொடாமல் பார்த்துவிடலாம்" என்று பொய் ஆறுதல் சொல்லாதீர்கள்.

தொடாதே என்று கேட்பதெல்லாம் மத வழக்கம் ஆகிவிடாது என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. பெண் நோயாளி பெண் டாக்டர் கேட்பது தன் உடலைப் பற்றிய வேண்டுகோள். இந்த நிறத்தவர், இந்தச் சாதி, இந்த மதத்துச் செவிலியர் என்னைத் தொடக்கூடாது என்பது நம் சக ஊழியரை இழிவுபடுத்துவது. அதற்கு நான் ஆள் மாற்றிக் கொடுக்க மாட்டேன். "இவர்தான் இன்றைக்கு உங்களைப் பார்ப்பார்" என்று அமைதியாகச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். இதே நியாயம் நமக்கும் உண்டு. எதிர்ப்பாலாரைத் தொடுவதில் நம்மில் ஒருவருக்கே மதச் சங்கடம் இருந்தால், அதை முன்கூட்டியே சொல்லி டியூட்டியை மாற்றிக்கொள்ளலாம். நோயாளி முன்னால் நின்ற பிறகு அது அவர் தலையில் விழக் கூடாது.

தொடுதலை வேண்டுகிற வழக்கங்களும் உண்டு, அவற்றை அவசரத்தில் மறந்துவிடுகிறோம். கத்தோலிக்கருக்குப் பாதிரியார் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூச வேண்டும், பிறந்த குழந்தையின் காதில் தந்தை பாங்கு சொல்ல வேண்டும். டியூப்களை ஒதுக்கி இடம் செய்து கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். இறந்த பிறகும் இது தொடர்கிறது. முஸ்லிம் உடலைப் பெரும்பாலும் அதே பாலினத்தவர்தான் குளிப்பாட்டுவார்கள், திபெத்திய பௌத்தர்கள் பலர் சிறிது நேரம் உடலை யாரும் தொடாமல் விட விரும்புவார்கள். ஊசிகளை எடுக்கும் முன்பே குடும்பத்தை ஒரு வார்த்தை கேளுங்கள்.

எனக்கே தெளிவில்லாத இடங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகும், உயிரே போனாலும் பரவாயில்லை, தொடாதே என்று தெளிந்த மனத்தோடு ஒருவர் சொன்னால் அந்த முடிவு அவருடையது என்று சட்டமும் நெறியும் சொல்கின்றன. நானும் அப்படித்தான் நடப்பேன், ஆனால் மனம் ஒப்பாது. பதினைந்து வயதுப் பெண் சரி என்று சொல்லி, பெற்றோர் மறுத்தால் நாட்டுக்கு நாடு விதி வேறு, உங்கள் மருத்துவமனையின் பொறுப்பாளரை உடனே கூப்பிடுங்கள். கையுறை போட்டால் தொடுதல் ஆகாது என்பதை எல்லா மரபினரும் ஏற்பதில்லை, அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கம் இல்லை. நினைவில்லாதவரிடம், அவர் முன்பே எதிராக எதுவும் சொல்லி வைக்காதபோது, சிகிச்சைதான் முதலில். உறவினரின் ஆட்சேபத்தைக் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடருங்கள்.

துறவி இன்னும் வார்டில் இருக்கிறார் என்கிறீர்களே, இன்று மாலை டியூட்டிக்குப் போனதும் அவரிடம் போங்கள். கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்று, அன்று தாமதமானதற்கு வருத்தம் சொல்லிவிட்டு, மறுபடி இரவில் வலி வந்து ஆண் செவிலியர் இல்லாமல் போனால் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கையுறை சரியா, துணி மேல் கை வைத்தால் சரியா, எது மட்டும் முடியவே முடியாது. அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில், தேதியும் நேரமும் போட்டு, முதல் பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, டியூட்டி மாறும்போது அடுத்த சிஸ்டரிடமும் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.